சந்தனம் பட்ட பெட்டியும் சாந்தாவின் நெஞ்சுப் படமும்

ஆயுத பூஜையன்று எங்கள் கிரஷரில் மெஷினின் மூடிக்கு யாரும் பொட்டு வைப்பதில்லை. மூடியைக் கழற்றிவிட்டு, கல்லைக் கடிக்கிற இரும்புத் தாடைக்கே சந்தனம் பூசுவோம். உழைக்கிற உறுப்புக்குத்தான் மரியாதை, மேலே போர்த்திய தகரத்துக்கு இல்லை. பாடாலூர்ப் பக்கம் இருபத்திரண்டு வருடமாக ஜல்லி உடைக்கிறேன். ஒரு வருடம்கூட இந்த முறை மாறியதில்லை. இதே முறையைச் சங்க அலுவலகத்துக்கும் கொண்டு போனேன். அதுதான் வினை.

சங்கம் என்றால் ஜல்லித் தொழிலாளர் சங்கம். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மாவு மில்லின் மாடியில் ஒற்றை அறை. செயலாளர் நடராசன். விடுமுறை நாட்களில் நான் போய் அறையைக் கூட்டித் துடைத்துப் பூட்டிவிட்டு வருவேன். அறை மூலையில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. அதற்குள் இரண்டு ஹார்டு டிஸ்க். தீப்பெட்டியைத் திறப்பது போல இழுத்தால் தனித்தனியாகக் கையில் வந்துவிடும். எங்கள் ஆட்கள் இருநூற்றுப் பதினாலு பேரின் நெஞ்சு எக்ஸ்ரேக்கள் வருடம் வாரியாக அதில் இருக்கின்றன.

அந்தப் பெட்டிக்குள் ஒரு பூட்டும் உண்டு, அது ஏன் வந்தது என்று சொல்லிவிடுகிறேன். முன்பு ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. ஒரு நாள் அறைப் பூட்டை உடைத்து அதை மட்டும் தூக்கிக்கொண்டு போனார்கள். பக்கத்தில் இருந்த மின்விசிறியைத் தொடவில்லை. அடுத்த வாரமே எக்ஸ்ரேயில் கோளாறு தெரிந்த ஏழு பேரைப் பார்த்துக் கம்பெனியில் "நாளையிலேருந்து வர வேணாம்" என்று சொல்லிவிட்டார்கள். யார் எடுத்தது, யார் எடுக்கச் சொன்னது என்று எதையும் நிரூபிக்க முடியவில்லை. அதன் பிறகுதான் கீதாஞ்சலி இந்தப் பெட்டியைச் செய்து கொடுத்தாள். அரியலூர்ப் பெண். பெரம்பலூரில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேப்பில் வேலை, ஹாஸ்டலில் தங்கல். அவள் அப்பா ஜல்லி லாரி ஓட்டியவர்.

பெட்டி வந்த அன்று அவள் எங்களுக்கு விளக்கினாள்.

"அண்ணே, ரெண்டு டிஸ்க்குக்கும் தனித்தனிப் பூட்டு. எவனாவது தூக்கிட்டுப் போனா அவனுக்கு உள்ள தெரியறது வெறும் தவிடு. பாஸ்வேர்டு போட்டுப் பூட்டைத் தொறந்தாத்தான் உள்ள இருக்கற மேஸ்திரி வேலைக்கு வருவான்."

"மேஸ்திரி யாரு?" என்றார் நடராசன்.

"பைலையெல்லாம் அடுக்கி வைக்கறவன். எந்தப் படம் வந்தாலும் ரெண்டு டிஸ்க்குலயும் ஒண்ணொண்ணு வைப்பான். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு அடையாளம் குறிச்சுக்குவான். திரும்ப எடுக்கும்போது அடையாளம் ஒத்து வரலன்னா, இந்தத் துண்டு கெட்டுப்போச்சுன்னு புரிஞ்சுக்கிட்டு, அடுத்த டிஸ்க்குலேருந்து நல்லத எடுத்துக் கொடுப்பான். கெட்ட எடத்துலயும் அத மறுபடி எழுதிடுவான். யாரும் சொல்ல வேணாம், கேக்க வேணாம்."

"நம்ம மேஸ்திரி இப்படி இருந்திருந்தா நான் சங்கமே ஆரம்பிச்சிருக்க மாட்டேனே!" என்றார் நடராசன்.

நான் கேட்டேன்: "பூட்டு மட்டும் போட்டா பத்தாதாம்மா?"

"பூட்டுக்கு உள்ள இருக்கறது நல்லதா கெட்டதான்னு தெரியாதுண்ணே. கெட்டுப்போனதையும் அது பத்திரமாத்தான் காவல் காக்கும்."

இது எனக்கு நன்றாகப் புரிந்தது. எங்கள் கிரஷர் வாட்ச்மேன் அப்படித்தான்.

இனி என் மனைவி சாந்தாவின் விஷயம். அவள் உடைந்த ஜல்லி ஓடிவருகிற பெல்ட் ஓரம் நின்று கல் பொறுக்குகிறவள். தூசி அதிகம் பறக்கிற இடம் அதுதான். இரண்டு வருடமாக மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று சுவரைப் பிடித்துக்கொள்கிறாள். இந்த வருட எக்ஸ்ரேயில் நெஞ்சு முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. மருத்துவர் குழு பார்த்து, இது கல்தூசியால் வந்தது என்று எழுதிக் கொடுத்தால், கம்பெனி அவளைத் தூசி இல்லாத வேலைக்கு மாற்றியாக வேண்டும். சங்கம் போராடி வாங்கிய ஒப்பந்தம் அது. குழு உட்காருகிற நாள் பூஜை முடிந்து வருகிற திங்கள். ஆனால் புதுப் படம் மட்டும் போதாது. முன்னால் நெஞ்சு நன்றாக இருந்தது என்று காட்டப் பழைய படமும் வேண்டும். இல்லாவிட்டால் "அந்தம்மாவுக்கு முன்னயே காசநோய் இருந்துச்சு" என்று கம்பெனி ஆள் வாயடித்துவிடுவான். ஆறு வருடத்துக்கு முன் எடுத்த பிலிம் எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் மழைத்தண்ணீர் இறங்கி அப்பளம் போல ஒட்டிப்போனது. அதற்கு முன்பே ஸ்கேன் செய்து வைத்திருந்த ஒரே பிரதி சங்கப் பெட்டியில்தான்.

அந்தப் பெட்டிக்குத்தான் நான் பூஜை செய்தேன்.

புதன்கிழமை. நடராசன் பொரிகடலை வாங்கக் கீழே போயிருந்தார். கதவு, மேசை, மின்விசிறி சுவிட்சு என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து முடித்துப் பெட்டியிடம் வந்தேன். வெளித்தகரத்தில் ஒரு பொட்டு வைத்தேன். மனசு கேட்கவில்லை. இருநூற்றுப் பதினாலு பேரின் நெஞ்சைச் சுமக்கிறது உள்ளே இருக்கிறவை அல்லவா? பிளக்கைப் பிடுங்கினேன். இரண்டு டிஸ்க்கையும் இழுத்து வாழையிலையில் வைத்தேன். முதல் டிஸ்க்குக்கு முன்னும் பின்னும் நல்ல தாராளமாகச் சந்தனம், குங்குமம். இரண்டாவதுக்கு வரும்போது கிண்ணத்தில் சந்தனம் தீர்ந்துவிட்டது, விரலில் ஒட்டியிருந்ததை மட்டும் தொட்டு வைத்தேன். தீர்த்தம் தெளித்துக் கற்பூரம் காட்டி, டிஸ்க்குகளையும் பிளக்கையும் பழையபடி செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. சாமி ஏற்றுக்கொண்டது என்று நினைத்தேன். வழக்கம்போல மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

வெள்ளிக்கிழமை சாந்தாவின் இரண்டு படங்களையும் அச்சு எடுக்கக் கீதாஞ்சலி வந்தாள். சாந்தாவும் நானும் எதிரே உட்கார்ந்திருந்தோம். பாஸ்வேர்டு போட்டாள், திரையைப் பார்த்தாள், மறுபடி போட்டாள். பிறகு பெட்டியின் பக்கம் குனிந்து முதல் டிஸ்க்கை இழுத்தாள். அதன் பின்பக்கம், ஊசிப்பல் போல வரிசையாக மினுங்க வேண்டிய இடத்தில், மஞ்சளாகக் காய்ந்த சந்தனம்.

"அண்ணே... இது என்னது?"

சாந்தாதான் பேசினாள்.

"என்னதுன்னு அவர ஏன் கேக்கற? நம்ம வூட்டு மாட்டுக் கொம்புக்குப் பூசற மாதிரியே பூசியிருக்காரு பாரு. கைப்பழக்கம் தெரியுதுல்ல?"

"எல்லா மெஷினுக்கும் வைக்கறதுதானே..." என்றேன்.

"வைக்கறதுன்னா வெளிய வைக்கணும். வயித்தக் கிழிச்சுக் குடலுக்கா பொட்டு வைப்பாங்க?"

நடராசன் தலையில் கைவைத்துவிட்டார். "ஏப்பா அரியமுத்து, இருநூத்துச் சொச்சம் பேருப்பா!"

"சார், பதறாதீங்க" என்றாள் கீதாஞ்சலி. "ரெண்டாவது இருக்குல்ல." முதலாவதை வெளியே வைத்துவிட்டு, இரண்டாவதை மட்டும் திறந்தாள். திறந்தது. "பார்க்க மட்டும் தொறக்கறேன். ஒண்ணு வெளிய கெடக்கும்போது இதுல எதையும் எழுதக் கூடாது. அப்புறம் ரெண்டும் ஆளுக்கொரு கதை சொல்லும்."

புதுப் படம் வந்தது. நல்லபடி இருந்தது. பழைய படத்தைத் தொட்டாள். வரவில்லை. திரையில் ஏதோ ஆங்கிலத்தில் ஒரு வரி. அவள் முகம் மாறியதைப் பார்த்து நாங்கள் மூவரும் எழுந்து நின்றுவிட்டோம்.

"இந்தப் படத்துல ஒரு துண்டுக்கு அடையாளம் ஒத்து வரல. மேஸ்திரி கொடுக்க மாட்டேங்கறான்."

"இருக்கறத அப்படியே கொடுக்கச் சொல்லும்மா" என்றார் நடராசன்.

"கெட்டதக் கொடுக்க மாட்டான் சார், அதுக்குத்தான் அவன வச்சது. டாக்டருங்க முன்னாடி நெஞ்சுல ஒரு கறை தெரிஞ்சா என்ன ஆவும், யோசிச்சுப் பாருங்க. நல்ல துண்டு முதல் டிஸ்க்குல இருக்கும்." அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஆனா இது ரொம்ப நாளைக்கு முன்னயே சரியாயிருக்கணுமே. மாசா மாசம் முதல் ஞாயித்துக்கிழமை ராத்திரி ரெண்டு டிஸ்க்கையும் மூலைமுடுக்கு விடாமச் சலிச்சுப் பார்க்கச் சொல்லி வச்சிருக்கேன். நாலு மாசமா சலிக்கவே இல்லன்னு காட்டுது. ஏண்ணே, பூட்டிட்டுப் போறப்ப மெயின அணைக்கறீங்களா?"

அணைக்கிறேன். கரண்டு பில் ஏறுகிறது என்று நடராசன் சொல்லி நாலு மாதம் ஆகிறது. நான் அவரைப் பார்த்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே மாவு மில் புகைபோக்கியைப் பார்த்தார்.

"ஆக ரெண்டு ஆம்பளைங்களும் சேந்து எங்கதையை முடிச்சிட்டீங்க" என்றாள் சாந்தா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. நடராசன் தண்ணீர்ச் செம்பை அவள் கையில் கொடுத்தார். திங்களுக்கு நடுவில் இரண்டு நாள்தான்.

கீதாஞ்சலி மருந்துக்கடையில் ஸ்பிரிட்டும் ஒரு பல் துலக்கும் பிரஷும் வாங்கிவரச் சொன்னாள். முதல் டிஸ்க்கின் பல்லை ஒவ்வொன்றாகத் துலக்கினாள். சந்தனம் கரைந்து பஞ்சில் இறங்கியது. ஜன்னல் ஓர வெயிலில் இரண்டு மணி நேரம் காயவைத்தாள். செருகியதும் உள்ளே சுற்றுகிற சத்தம் கேட்டது. எனக்குப் பாதி உயிர் வந்தது. பாஸ்வேர்டு போட்டாள். பூட்டு திறக்கவில்லை.

"டிஸ்க்கு உசிரோட இருக்கு. படம் எல்லாமும் இருக்கும். ஆனா ஓடிட்டு இருந்தப்ப பிளக்கப் புடுங்குனீங்களா, ஈரத்தோட திரும்பச் சொருகுனீங்களா, அந்தக் களேபரத்துல ஆரம்பத்துல கொஞ்சம் எடம் கெட்டுப்போச்சு. பூட்டோட தலை இருக்கற எடம் அது. சரியான சாவி கையில இருந்தாலும் போட ஓட்டை இல்ல."

"மேஸ்திரிதான் தானாவே சரி பண்ணுவான்னியே?" என்றேன்.

"மேஸ்திரி வூட்டுக்குள்ள இருக்கான் அண்ணே. பூட்டு வாசல்ல இருக்கு. உள்ள எது கெட்டாலும் அவன் பார்த்துக்குவான். வாசப்பூட்டு கெட்டா அவனால வெளிய கைநீட்ட முடியாது."

பூட்டு இல்லாத பெட்டியாக இருந்தால் இந்நேரம் படம் வந்திருக்கும் என்று நடராசன் முணுமுணுத்தார். ஆனால் அந்த ஏழு பேரின் ஞாபகம் அவருக்கே வந்திருக்க வேண்டும், பஞ்சையும் பிரஷையும் பொறுக்கி எடுக்கப் போனார்.

"இதுக்குன்னே பூட்டுத் தலைய மட்டும் ஒரு பென்டிரைவுல படி எடுத்து வச்சிருக்கேன்" என்றாள் கீதாஞ்சலி. "இங்கயே வச்சா பெட்டியோட சேந்து போயிடும்னு அரியலூர்ல எங்க வூட்டு பீரோவுல வச்சேன். நாளைக்கு எனக்கு லேப் இருக்கு. பரீட்சை. யாராச்சும் போய் எடுத்துட்டு வரணும்."

"இவரே போவட்டும்" என்றாள் சாந்தா. "பூசுன கை தான் தொடைக்கணும்."

சனிக்கிழமை கிரஷருக்கு லீவு சொல்லிவிட்டு அரியலூர் பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஒரே யோசனை. என் உடம்பு தேய்ந்ததைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை, கல்லோடு கிடந்தால் கல்லும் தேயும் ஆளும் தேய்வான். ஆனால் பெல்ட் ஓர வேலைக்கு சாந்தாவைச் சேர்த்துவிட்டது நான். கூலி கொஞ்சம் கூட என்று சொல்லி நான்தான் அழைத்துப்போனேன். அந்த வெள்ளைப் புள்ளிகளில் என் வார்த்தையும் ஒன்று.

கீதாஞ்சலி வீட்டில் அவள் அம்மா ஜெயசித்ரா பீரோவைத் திறந்துவிட்டார். மகள் போனில் சொல்லியிருந்தாள். ஒரு பிஸ்கட் டப்பா நிறைய பென்டிரைவ். எட்டோ பத்தோ இருக்கும். ஒவ்வொன்றிலும் சின்னதாகக் காகிதம் ஒட்டி எழுதியிருந்தது.

"எதுன்னு எனக்கு ஒண்ணும் வெளங்காதுங்க. எல்லாத்தையும் அள்ளிட்டுப் போங்களேன்" என்றார் அவர்.

ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். நிதானமாகத்தான் எனக்குப் படிக்க வரும். 'கல்யாண போட்டோ'. 'அப்பா லைசென்ஸ்'. 'செமஸ்டர் 4'. ஆறாவதில் 'சங்கம், டிஸ்க் 1 பூட்டு'. பக்கத்திலேயே 'சங்கம், டிஸ்க் 2 பூட்டு'. இரண்டையும் எடுத்துக்கொண்டேன்.

"இத வழியில யாராச்சும் புடுங்கிட்டா?" என்று போனில் கீதாஞ்சலியைக் கேட்டேன்.

"பெட்டி இங்க இருக்கு, பாஸ்வேர்டு என் தலையில இருக்கு. அவனுக்குக் கெடைக்கறது பூட்டு மட்டும்தான் அண்ணே. தொங்க விட்டுக்கட்டும். நீங்க பொட்டு கிட்டு வைக்காமக் கொண்டாங்க, போதும்."

ஜெயசித்ரா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, இரண்டு பென்டிரைவையும் சட்டைப்பையில் போட்டு, பையின் வாயில் ஊக்கு குத்திக்கொண்டு வந்தேன்.

ஞாயிறு காலை எல்லோரும் அறையில் கூடினோம். டிஸ்க்கில் கெட்டுப்போன பூட்டுத் தலையின் மேல், கொண்டுவந்த படியை எழுதினாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை. பாஸ்வேர்டு போட்டாள். முதல் பூட்டு திறந்தது. இரண்டாவது திறந்தது. பழைய படத்தைத் தொட்டாள்.

மேலேயிருந்து கீழே, ஈரச்சுவரில் வெள்ளை அடித்தது போல மெல்ல இறங்கி வந்தது படம். கழுத்தெலும்பு, விலா எலும்பு, நடுவில் இதயத்தின் நிழல். இரண்டு பக்கமும் சுத்தமான கறுப்பு. ஒரு புள்ளி இல்லை.

"இது நானா?" என்றாள் சாந்தா. திரைக்கு வெகு அருகில் போய்ப் பார்த்தாள். "ஆறு வருசத்துக்கு முன்ன எவ்வளவு நல்லா இருந்திருக்கேன் பாரேன்! அப்ப யாரும் ஒரு வார்த்த சொல்லலியே."

"எலும்பு எப்பவும் உனக்கு அழகுதான்" என்றேன்.

"இவரு இன்னிக்கி உசிரோட வூடு வந்து சேர மாட்டாரு" என்று கீதாஞ்சலியிடம் சொன்னாள்.

பிறகு இரண்டு டிஸ்க்கையும் முழுக்கச் சலிக்க விட்டார்கள். மதியம் வரை ஓடியது. நடராசன் பரோட்டா வாங்கிவந்தார். முடிவில் திரையில் வந்ததைக் கீதாஞ்சலி படித்துச் சொன்னாள். இரண்டாவது டிஸ்க்கில் பதினோரு துண்டு கெட்டிருந்தது, பதினொன்றையும் முதல் டிஸ்க்கிலிருந்து எடுத்துச் சரிசெய்துவிட்டது. சந்தனம் பட்ட முதல் டிஸ்க்கிலும் நாலு துண்டு கெட்டிருந்தது, அதை இரண்டாவதிலிருந்து எடுத்து நிரப்பியிருந்தது. சரிசெய்ய முடியாதது என்ற இடத்தில் சைபர்.

"ஆனாலும் முதல் டிஸ்க்க இனி நம்ப முடியாது சார். புதுசு ஒண்ணு வாங்கி மாத்திடணும். மெயின அணைக்காதீங்க."

"இனிமே கரண்டு பில்லப் பத்திப் பேசுனா என்னச் செருப்பால அடி" என்றார் நடராசன்.

திங்கட்கிழமை மருத்துவர் குழுவின் முன்னால் மேசைமேல் வெள்ளை விளக்குப் பலகை இருந்தது. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார்கள். மூன்று டாக்டர்கள். நடுவில் இருந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தார். கம்பெனி ஆள் எழுந்தான்.

"மேடம், அந்தம்மாவுக்கு ஏற்கெனவே..."

"ஏற்கெனவே என்ன?" அவர் பேனாவால் பழைய படத்தைத் தொட்டார். "இது ஆறு வருசத்துக்கு முந்தினது. இதுல என்ன இருக்குன்னு நீங்களே வந்து காட்டுங்க."

அவன் உட்கார்ந்துவிட்டான். சாந்தாவிடம் அந்த அம்மாள் எதையும் மறைக்கவில்லை. நெஞ்சில் படிந்தது படிந்ததுதான், கழுவி எடுக்க முடியாது; ஆனால் இனித் தூசியில் நிற்காவிட்டால் ஏறுவது குறையும், மருந்தும் ஓய்வுமாக வருடக்கணக்கில் ஓட்டலாம் என்றார். காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் அதை வாங்கி, வெளியே வேப்பமரத்தடியில் நின்று, ஒரு வார்த்தை விடாமல் சாந்தாவுக்குப் படித்துக் காட்டினேன். "தூசி இல்லாத பணி" என்ற இடத்தில் அவள் மறுபடி படிக்கச் சொன்னாள். மறுபடி படித்தேன்.

இப்போது அவளுக்குக் குவாரியின் மேற்கு ஓரத்தில், வேலிக்குப் பக்கத்தில், கம்பெனி நட்டிருக்கிற கன்றுகளுக்குத் தண்ணீர் விடுகிற வேலை. காற்று அந்தப் பக்கம் தூசியைக் கொண்டுபோவதில்லை. குழாயைப் பிடித்தபடி நாள் முழுக்க நிற்கிறாள். பேச ஆள் இல்லை என்பதுதான் அவள் குறை. ஆடுகள் வந்து கன்றைக் கடித்துவிடுகின்றன. மதியம் சாப்பாட்டுக்கு மெஷின் நிற்கும்போது நான் துண்டை உதறிவிட்டு உட்காருவேன். அந்த நேரத்தில், அவ்வளவு தூரத்திலிருந்தும், ஆடுகளையும் ஆட்டுக்காரனையும் அவன் மூன்று தலைமுறையையும் அவள் திட்டுவது எனக்குத் தெளிவாகக் கேட்கிறது. நடுவில் ஒரு தடவை இருமுகிறாள். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறாள்.